கட்டும் கயிறும் காட்டும் கருவியும்

ஆடை அணியக் கற்றுக்கொண்ட நாள் முதலாய் மனிதன் அச்சத்தையும் அணிந்தே வந்திருக்கிறான். குழந்தையின் மார்பிலே தொங்கிய ஐம்படைத்தாலி, பழந்தமிழ் இலக்கியத்திலேயே பேசப்படும் அணி. சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் என்னும் ஐந்து படைக்கலன்களையும் சின்னஞ்சிறு வடிவிலே செய்து, நூலிலே கோத்து, நடை பழகாத மார்பிலே பூட்டினர். நோய் வரும்; கண்ணேறு வரும்; இன்னதென்று பெயர் தெரியாத ஒன்று இரவிலே வரும்; வந்தால் இந்த ஐந்து ஆயுதங்களும் அதனை விரட்டும்! பொன்னுக்கு வழியற்ற குடிசையிலே அதுவே செப்புத் தாயத்தாயிற்று. செம்புக்கும் வழியற்ற இடத்திலே கருப்புக் கயிறாயிற்று. சேர்வராயன் அடிவாரத்திலிருந்து காவிரிக் கரை வரை, சேலம் நாமக்கல் சமவெளியிலே இன்றும் இந்தக் கயிறு கட்டாத கை குறைவு.

வருமுன் காக்க வேண்டும் என்ற ஆசையிலே பிறந்தது அந்தக் கயிறு. ஆசையிலே பிழையில்லை. காக்கும் ஆற்றல் கயிற்றுக்கு இல்லை என்பதுதான் பிழை.

பிள்ளையின் உடலிலே முத்து முத்தாக அம்மை பூத்த நாளிலே, தாய் செய்யக்கூடியது என்ன இருந்தது? வேப்பிலையை வாசலிலே செருகினாள். கூழ் ஊற்ற வேண்டிக்கொண்டாள். ஆடித் திங்களிலே சேலம் கோட்டை மாரியம்மன் முன் நின்று அழுதாள். அந்தத் தாயை நகைப்பது எளிது. நகைக்க எனக்கு மனமில்லை. அவள் கையிலே வேறொன்றையும் எவரும் கொடுக்கவில்லையே! இங்கிலாந்திலே ஜென்னர் என்ற மருத்துவர் 1796 இல் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவன் கையிலே கீறி ஏற்றினார். 1802 இல் அந்த முறை பம்பாய்க்கு வந்துவிட்டது. ஆனால், அம்மை குத்துபவர் வருகிறார் என்றதும் கதவடைத்த வீடுகள் எத்தனை! ‘ஆத்தாளின் வருகையை ஊசியால் தடுப்பதா’ என்று ஊரைக் கலக்கியவர் எத்தனை பேர்! ஊசி வந்த பிறகும் 170 ஆண்டுகளுக்கு மேல் அம்மை இந்நாட்டிலே ஆட்சி செய்தது. 1975 இல்தான் அது ஒழிந்தது. 1980 இல் உலகமே அந்நோயிலிருந்து விடுதலை பெற்றதாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. கயிறு ஆயிரம் ஆண்டு கட்டியும் செய்யாததை, ஒரு கீறல் செய்து முடித்தது.

இப்போது மனிதன் கையிலே வேறொன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறான். அது நாடி பார்க்கிறது, உறக்கத்தை அளக்கிறது, இதயம் தப்புத்தாளம் போட்டால் எச்சரிக்கிறது. வயிற்றிலோ தோளிலோ ஒட்டிக்கொண்டு, குருதியிலே ஏறும் சர்க்கரையை நிமிடந்தோறும் சொல்லும் வில்லையும் வந்துவிட்டது. வியர்வையைச் சுவைத்துச் செய்தி சொல்லும் பட்டை ஆராய்ச்சிக் கூடத்திலே உருவாகியிருக்கிறது. உணரி என்றும், சென்சார் என்றும் அழைக்கப்படும் இந்தச் சிறு கருவிகளின் உயிர்நிலை, கண்ணுக்குத் தெரியாத துகளிலே இருக்கிறது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு, நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு, ஏறக்குறைய 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். அந்த அளவிலே பொருளைப் பிடித்து, அடுக்கி, வேலை வாங்கும் கலைக்கு நானோ தொழில்நுட்பம் என்று பெயர்.

‘அமெரிக்காவிலும் ஐப்பானிலும் நடக்கும் இந்த ஆராய்ச்சிக்கும், கம்பும் சோளமும் மரவள்ளியும் விளையும் எங்கள் சேலத்து மண்ணுக்கும் என்ன உறவு?’ என்று கேட்பீர்கள். உறவு உண்டு, நண்பரே! அது ஒரு வாளின் வயிற்றுக்குள்ளே கிடந்தது.

சேலம் நகருக்குத் தென்மேற்கே கஞ்சமலை நிற்கிறது. அமாவாசை தோறும் அங்கே கூட்டம். சித்தர் அருளால் நோய் தீரும் என்று நம்பி வருவோர் கூட்டம். ஆனால் அந்த மலையின் மெய்யான சித்து, அதன் பாறையிலே இருக்கிறது. காந்தத்துக்கு இழுபடும் இரும்புத் தாது அது. மழைநீர் அடித்துக்கொண்டு வந்த கருமணலையும் உதிர்ந்த தாதுவையும் அள்ளி, கரியோடு சேர்த்து, மண் உலையிலே இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, இந்த வட்டாரத்துக் கொல்லர் இரும்பு எடுத்தனர். எடுத்த இரும்பை எஃகாக்கும் முறையைத்தான் மேனாட்டார் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

கும்பினியின் பணியிலிருந்து விலகி, சேலத்து இரும்பை நம்பிப் பரங்கிப்பேட்டையிலே 1830களில் ஆலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், அந்த முறையை விளக்கி எழுதியிருக்கிறார். இரும்பைத் துண்டு துண்டாக்கிக் களிமண் குகையிலே இடுவர். எடையிலே பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பர். மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைப்பர். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட குகைகளை உலையிலே வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் ஊதுவர். குகையை உடைத்தால், உள்ளே சிறு கட்டியாக உருக்கு! ‘உருக்கு’ என்றும் ‘உக்கு’ என்றும் தென்னாட்டார் சொன்னதைத்தான் வெள்ளையர் ‘ஊட்ஸ்’ என்று திரித்துக்கொண்டனர் என்பர்.

வேலியோரத்து ஆவாரையும், சுடுகாட்டோரத்து எருக்கும்! பூசைக்கும் வைத்தியத்துக்கும் மட்டுமே பறித்த செடிகளை, கரிமம் தரும் சரக்காகக் கண்டுகொண்டவன் எவனோ ஒரு கொல்லன். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கல்வெட்டிலே கொடை கொடுத்தவன் பெயர் இருக்கிறது. கொடை வாங்கியவன் பெயர் இருக்கிறது. உளி அடித்துக் கொடுத்தவன் பெயர் எங்கே?

தென்னாட்டு உருக்குக் கட்டிகள் கப்பலேறிப் பாரசீகம் போயின; அரபு நாடு போயின. அங்கே அடித்த வாள்கள் டமாஸ்கஸ் வாள்கள் என்று பேர் பெற்றன. ஓடும் நீரின் அலைபோலப் படிவம் மின்னும் அந்த வாளிலே. காற்றிலே பறக்கும் பட்டையும் அதன் கூரிலே இரண்டாகும் என்று கதை கட்டினர். கதை இருக்கட்டும், உண்மையே போதுமான வியப்பு. 2006 ஆம் ஆண்டு, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே பீட்டர் பாஃப்ளரும் அவருடைய குழுவினரும், 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய வாள் ஒன்றின் துணுக்கை அமிலத்திலே கரைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியிலே வைத்துப் பார்த்தனர். உள்ளே கரிமத்தாலான நுண்குழாய்கள்! கார்பன் நானோகுழாய் என்று உலகம் அழைப்பது. ஜப்பானிய அறிஞர் இஜிமா 1991 இல் அதனைக் கண்டு விளக்கிய பிறகே அறிவியல் உலகம் அதன்மேல் கண் வைத்தது. அதே குழாய், இன்று சர்க்கரை உணரியின் மின்வாயிலே பூசப்படுகிறது. எலக்ட்ரானை விரைந்து கடத்தும். கையளவு இடத்திலே களத்தளவு பரப்புத் தரும். அதனாலே குருதியிலுள்ள மிகச் சிறிய மாற்றத்தையும் கருவி உணரும்.

இந்தச் செய்தி வந்ததுதான் தாமதம்! ‘பார்த்தாயா, நம் முன்னோர் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர்’ என்று மேடையேறிவிட்டனர் சிலர். தங்க பஸ்பத்தைத் தூக்கிக்கொண்டு வேறு சிலர் பின்னாலேயே ஓடி வந்தனர். பெருமை பேசுவதற்கு முன்னே ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும். கொல்லன் அறிந்திருந்தது எதை? இன்ன மரம், இன்ன இலை, இத்தனை நாழிகை, இந்த நிறத்திலே நெருப்பு — இதை அறிந்திருந்தான், கையால் அறிந்திருந்தான், கண்ணால் அறிந்திருந்தான். அது பேரறிவுதான். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று கேட்கும் பள்ளி அவனுக்குத் திறந்திருந்ததா? அவன் பிள்ளைக்குத் திறந்திருந்ததா? ஏடு படித்தவன் இரும்பைத் தொடவில்லை. இரும்பைத் தொட்டவனுக்கு ஏடு தரப்படவில்லை. வித்தை குலத்துக்குள்ளே பூட்டப்பட்டது. தகப்பன் மகனுக்குச் சொன்னான். மகன் இல்லாவிட்டால் மண்ணுக்குச் சொன்னான். சித்தர் நூல்களும் அப்படியே. நாடியின் நடையை விரல் நுனியிலே கண்டு, வாதம் பித்தம் ஐயம் என்று வகுத்த நுட்பத்தைப் பரிபாஷை என்ற போர்வையிலே மூடி வைத்தனர். திறவுகோல் தொலைந்தது. பெட்டி மட்டும் பூசையறையிலே இருக்கிறது.

அதே காலத்திலே வேறொரு கொல்லன் மகன் என்ன ஆனான் என்று பாருங்கள். இலண்டன் மாநகரிலே ஒரு ஏழைக் கொல்லனுக்குப் பிறந்தவன், புத்தகம் கட்டும் கடையிலே கூலிக்கு உழைத்தவன், கட்ட வந்த புத்தகங்களையே படித்து அறிவு வளர்த்தவன், மைக்கேல் ஃபாரடே! மின்னியலின் தந்தை என்று உலகம் போற்றும் அந்த மனிதர், தம் இளமையிலே முதலில் கைவைத்த ஆராய்ச்சிகளிலே ஒன்று எது தெரியுமா? நம் உருக்கு! அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து, இந்திய உருக்கின் மறைபொருள் என்ன என்று 1819 முதல் சில ஆண்டுகள் உலையிலே போட்டு உருக்கி உருக்கிப் பார்த்தார். முழு விடையும் அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் கேட்டார், எழுதினார், அச்சிட்டார், அடுத்தவன் படித்தான்.

அதே ஃபாரடே, 1857 ஆம் ஆண்டு, பொன்னை எடுத்தார். பொன்னைக் கரைத்து, மிக நுண்ணிய துகளாக நீரிலே மிதக்க விட்டார். மஞ்சள் பொன் மறைந்தது. மாணிக்கச் சிவப்பு நீர் வந்தது! ஒளியின் அலை நீளத்தைவிடச் சிறுத்த துகள், ஒளியோடு வேறு வகையிலே உறவாடுகிறது என்று கண்டார். அவர் செய்துவைத்த சிவப்புக் குப்பிகள் இலண்டன் ராயல் நிறுவனத்திலே இன்னும் இருக்கின்றன, துகள் அடியிலே படியவில்லை, சிவப்பு மங்கவில்லை.

அந்தச் சிவப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கொரோனாக் காலத்திலே மூக்கிலே குச்சி விட்டு எடுத்த நீரை ஒரு பட்டையிலே சொட்டினார்களே, ஒரு கோடா, இரண்டு கோடா என்று வீடே மூச்சடக்கிக் காத்திருந்ததே, அத்தகைய பட்டைகள் பலவற்றிலே கோடாக எழுந்தது, பொன்னின் நுண்துகள்தான். எச்.ஐ.வி. நோயை விரைந்து கண்டறியும் பட்டைகள் பலவற்றிலும் அதே பொன்.

நாமக்கல் நாட்டுக்கு இந்தக் கோட்டின் பொருள் நன்றாகத் தெரியும். லாரிக்குக் கூடு கட்டும் ஊர் அது. வடகோடி வரை சரக்கேற்றிப் போய், மாதக்கணக்கிலே வீடு திரும்பாத ஓட்டுநர்களின் ஊர். சென்னையிலே 1986 இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலே முதன்முதலாக எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டு சொன்னபோது, ‘நம் பண்பாட்டுக்கு இந்த நோய் வராது’ என்றவர் பலர். வந்தது. 1997 இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், சில ஆண்டுகளுக்குள்ளே அந்நோய் மிகுந்த மாவட்டங்களிலே ஒன்றாக எண்ணப்பட்டது. ஓட்டுநரைப் பழித்தனர், அவன் மனைவியைப் பழித்தனர், அவள் இடுப்பிலிருந்த பிள்ளையையும் பழித்தனர். பழியால் ஒரு கிருமியும் சாகவில்லை. கருவுற்ற தாய்மாரைச் சோதித்து, மருந்து கொடுத்து, பிள்ளைக்குத் தொற்றாமல் தடுத்த நாள் முதலாய்த்தான் நிலை மாறத் தொடங்கியது. முன்கூட்டி அறிந்தவனே முன்கூட்டித் தடுக்க முடியும். பண்பாட்டுப் பெருமை பேசியவன் எந்தக் குழந்தையைக் காத்தான்?

உடலிலே அணியும் கருவிக்கு வருவோம். அதன் பிறப்பு இத்தனை மென்மையானதன்று. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்திலே நார்மன் ஹோல்டர் என்பவர், நடமாடும் மனிதனின் இதயத் துடிப்பை வானொலி அலையிலே அனுப்பிப் பதிவு செய்ய 1949 இல் ஒரு கருவி செய்தார். எடை என்ன தெரியுமா? ஏறக்குறைய 38 கிலோ! நெல்மூட்டை போல முதுகிலே சுமக்க வேண்டும். இதயத்தை அளக்கப் போய் முதுகு ஒடிந்தால் என்செய்வது என்று கேட்கத் தோன்றுகிறது. அதே வேலையை இன்று சில கிராம் எடையுள்ள ஒட்டுப்பட்டை செய்கிறது. 1962 இல் லேலண்டு கிளார்க் என்ற அறிஞர், பூஞ்சையிலிருந்து எடுக்கும் ஒரு நொதியை மின்வாயின் மேல் படலமாக இட்டுச் சர்க்கரையை அளக்கலாம் என்று வழி கண்டார். நொதி, சர்க்கரையை மட்டும் தேடிப் பிடித்து மாற்றும். அந்த மாற்றத்தை மின்வாய் உணரும். உணர்ந்ததை எண்ணாக்கிக் காட்டும். இன்று மருந்துக் கடையிலே வாங்கும் சர்க்கரைப் பட்டை அந்தக் கிளார்க்கின் பேரப்பிள்ளை. தோளிலே ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் வரை உழைக்கும் வில்லை அதன் கொள்ளுப்பேத்தி. ஊசிமுனையினும் மெல்லிய இழை ஒன்று தோலுக்கடியிலே நுழைந்து, திசுக்களுக்கிடையே ஊறும் நீரிலுள்ள சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும்.

2016 ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலே அலி ஜாவே குழுவினர் மணிக்கட்டிலே கட்டும் பட்டை ஒன்றைச் செய்து காட்டினர். வியர்வையிலுள்ள சர்க்கரை, லாக்டேட், சோடியம், பொட்டாசியம் நான்கையும் தோலின் வெப்பத்தையும் ஒரே நேரத்திலே அது அளந்தது. வியர்வை! பாட்டாளியின் வியர்வையைப் பற்றி நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம், பாடியிருக்கிறோம்! அந்த வியர்வைக்குள்ளே ஒரு மருத்துவ ஏடே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். சோதித்தது உடற்பயிற்சி வண்டியை மிதித்தவர்களையும் ஓடியவர்களையும். செவ்வாய்ப்பேட்டையிலே வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் நெருப்பின் முன் குனிந்திருப்பவன் வியர்வை என்ன சொல்லும்? குமாரபாளையத்திலே பன்னிரண்டு மணி நேரம் விசைத்தறியின் இரைச்சலிலும் பஞ்சுத் தூசியிலும் நிற்பவன் வியர்வை என்ன சொல்லும்? தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும் வெயிலைப் பார்த்துக் கணக்கிடும் செங்கல் சூளைப் பெண்ணின் வியர்வை என்ன சொல்லும்? கருவி முதலிலே போய்ச் சேர வேண்டிய மணிக்கட்டு இவர்களுடையது. போய்ச் சேர்ந்திருப்பதோ, குளிரூட்டிய அறையிலே, வியர்ப்பதற்குக் காசு கட்டுவோரின் மணிக்கட்டு!

இதைவிடக் கூர்மையான செய்தி ஒன்று உண்டு. விரலிலே கவ்வும் சிறு கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி 1974 இல் அதன் தத்துவத்தை வெளியிட்டார். குருதியின் சிவப்புக்கு உரிய பொருளின் நடுவிலே இருப்பது இரும்பு. கஞ்சமலையிலே பாறையாய்க் கிடக்கும் அதே இரும்பு, நம் நரம்புகளிலே உயிர்வளியைச் சுமந்து ஓடுகிறது! உயிர்வளி ஏந்திய குருதி ஒரு சிவப்பு. ஏந்தாத குருதி வேறொரு சிவப்பு. விரலின் ஒரு புறம் சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் பாய்ச்சி, மறுபுறம் எவ்வளவு வந்தது என்று பார்த்து, உயிர்வளியின் அளவை இக்கருவி கணக்கிடும். 2021 மே திங்களிலே நோய் பெருகி, சேலம் உருக்காலை வளாகத்திலே உயிர்வளி வசதியோடு 500 படுக்கைகள் போட்டார்களே, அன்று வீடுதோறும் மனிதர்கள் இந்தக் கருவியின் எண்ணைத்தான் விதியின் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தனர். 94 என்றால் நெஞ்சு படபடக்கும்; 97 என்றால் உயிர் திரும்பும்.

ஆனால், அதற்கு ஐந்து திங்கள் முன்பே, 2020 டிசம்பரிலே, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் உண்மையை வெளியிட்டிருந்தனர். கருவி 92 முதல் 96 வரை காட்டி ‘அஞ்ச வேண்டா’ என்று சொன்ன நோயாளிகளின் குருதியை நேரடியாகச் சோதித்தபோது, வெள்ளைத் தோலினரிலே நூற்றுக்கு 3.6 பேருக்கும், கருப்பு மக்களிலே நூற்றுக்கு 11.7 பேருக்கும் உயிர்வளி ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது! மூன்று மடங்குக்கும் மேலே! தோலின் கருமை ஒளியை உறிஞ்சுகிறது. அந்தக் கணக்கைக் கருவி சரியாகப் போடவில்லை. ஏனெனில் கருவியைப் பழக்கியபோது பெரும்பாலும் வெள்ளைத் தோலினரை வைத்தே பழக்கினர்.

கருவிக்கு இனவெறி உண்டா? இல்லை. நிறத்தைக் கண்டு முகம் சுளிக்க அதற்கு முகமே இல்லை. ஆனால் யாருடைய விரலை வைத்து அதைச் செய்தார்களோ, அவர்களுடைய விரலை மட்டுமே அது படிக்கும். உழைத்து உழைத்துக் கருத்த நம் தமிழ் விரல், அந்த அளவுப் பலகையிலே இல்லை. அமெரிக்க மருந்து ஆட்சித்துறை 2025 சனவரியிலேதான், பல நிறத் தோலினரையும் போதிய எண்ணிக்கையிலே சேர்த்துச் சோதித்த பிறகே இக்கருவிகள் சந்தைக்கு வரவேண்டும் என்ற வகையிலே புதிய நெறிமுறையின் வரைவை வெளியிட்டது. அரை நூற்றாண்டு சென்று! கேட்க ஆளிருந்ததால் அங்கே கேட்டார்கள். நாமக்கல் உழவனின் வெயில் குடித்த தோலுக்கும், கொல்லிமலை மலையாளி மக்களின் தோலுக்கும் இந்த எண் பொருந்துமா என்று இங்கே அளந்து பார்க்க வேண்டியவர் யார்? நாம்தானே!

‘அப்படியானால் கருவியும் ஒரு தாயத்துத்தானா?’ என்று குறுக்கே புகுவார் ஒருவர். தாயத்தைச் சோதித்துப் பிழை கண்டு, 2025 இல் திருத்திய பதிப்பு வெளியிட்ட மந்திரவாதி எவனாவது உண்டா? கருவி பொய் சொன்னால் அதைப் பொய் என்று காட்ட இன்னொரு கருவி உண்டு. கயிறு பொய்த்தால், கட்டிக்கொண்டவனின் பக்தியிலே குறை! ஆனாலும் அந்த ஐயத்திலே சிறிது நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணின் பொருள் தெரியாமல், பத்தாயிரம் ரூபாய்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அது காக்கும் என்று உப்பையும் ஊறுகாயையும் அள்ளி உண்பவனுக்கு, அது கண்ணாடி பதித்த கருப்புக் கயிறுதான்.

எண் காட்டும் கருவியாலே மட்டும் நோய் நிற்காது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2020 இல் தமிழகம் தழுவி எடுத்த ஆய்விலே, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு, 18 பேருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. கொதிப்புள்ளவர்களிலே அது கட்டுக்குள் இருந்தவர் நூற்றுக்கு 7 பேரளவே. நீரிழிவுள்ளவர்களிலே 11 பேரளவே. மற்றவர்? பலருக்குத் தமக்கு நோய் உண்டென்றே தெரியாது. வலிக்கவில்லையே! வலிக்காத நோயை எவன் தேடிப் போவான்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்தேறி, வரிசையிலே நின்று, ‘உனக்கு ஒன்றுமில்லை, போ’ என்று கேட்டுவர எந்தக் கூலிக்காரனால் முடியும்?

அதனால்தான் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் நாள், முன்னாளைய சேலம் மாவட்டத்தின் வடகோடியிலே, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, வரலாற்றிலே குறித்து வைக்கத்தக்கது என்கிறேன். அடுத்த திங்களே, செப்டம்பர் 29 இல், சேலம் வாழப்பாடியிலே, 1999 இல் முதன்முதல் நடத்திய ‘வருமுன் காப்போம்’ முகாம்கள் மீண்டும் தொடங்கப்பட்டன. வியத்தகு கருவி எதுவும் அவற்றிலே இல்லை. கையிலே பட்டை சுற்றிக் கொதிப்பு அளக்கும் பெட்டி. விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி. அதே ஊரிலே பிறந்த, அதே ஊர்த் தெருவிலே நடக்கும் ஒரு பெண். அந்தப் பெண்தான் அதிலே புதுமை! ‘அக்கா, கையை நீட்டுங்கள்’ என்று அவள் வாசலிலே வந்து கேட்கிறாள். மாத்திரையையும் அவளே கொண்டுவந்து தருகிறாள். மேல்தெருவுக்கும் போகிறாள், கீழ்த்தெருவுக்கும் போகிறாள். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிவைத்த விரலையும் பிடித்துத்தான் குத்தவேண்டும், வேறு வழியில்லை. 2024 இல் ஐக்கிய நாடுகள் அவையின் நோய்த் தடுப்புப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது அளித்தது.

திருச்செங்கோட்டிலே, மலைக்கோயிலை அண்ணாந்து பார்க்கும் தொலைவிலே, கே. எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியிலே நானோ அறிவியலுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. காரைக்குடியிலே மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலே பிரதீப் குழுவினர் நுண்துகளால் குடிநீரை நச்சு நீக்கும் வழிகளைக் கண்டு, மக்கள் கைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். இந்திய அரசு 2007 இலேயே நானோ ஆராய்ச்சிக்கெனத் தனி இயக்கம் தொடங்கியது. ஆக, ஏடும் வந்துவிட்டது, உலையும் வந்துவிட்டது, கொல்லன் பேரனும் பேத்தியும் கல்லூரி வாசலிலே வந்து நிற்கிறார்கள். பழைய பூட்டு இனி இல்லை. புதிய பூட்டு ஒன்று வருகிறது.

அந்தப் பூட்டைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாறு முடியாது. உடலை அளக்கும் கருவி, அளந்ததை யாருக்குச் சொல்கிறது? தாயத்து ஊமை, அணிந்தவனைப் பற்றி எவரிடமும் கோள் சொல்லாது. கடிகாரம் பேசும்! ஓட்டுநன் எத்தனை மணி உறங்கினான் என்று லாரி முதலாளிக்குச் சொல்லலாம். தறிக்காரனுக்குக் கொதிப்பு உண்டென்று ஆலைக்குச் சொல்லலாம். காப்பீட்டுக் கும்பினிக்குச் சொல்லலாம். வருமுன் காக்கச் செய்த கருவி, வருமுன் வேலையை விட்டு நீக்கவும் பயன்படும். இது வீண் அச்சமா? ஏழையின் உடலை அவனுக்காக அல்லாமல் வேறு எதற்கோ அளப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பள்ளிபாளையம் வட்டாரத்திலே கடனிலே மூழ்கிய விசைத்தறித் தொழிலாளரிடம் சிறுநீரகம் வாங்கும் தரகு நடக்கிறது என்று 2025 இலே புகார் எழுந்து, அரசு விசாரணை நடந்ததே! எண்ணிப் பாருங்கள், அப்படி விற்க வந்தவனுக்குத்தான் முழு மருத்துவச் சோதனை! குருதி பார்ப்பர், கொதிப்பு பார்ப்பர், சர்க்கரை பார்ப்பர். வாழ்நாளிலே முதன்முறையாக ஒரு தொழிலாளியின் உடலை நவீன மருத்துவம் தலைமுதல் கால்வரை அக்கறையோடு பார்த்தது, அதிலே ஒரு பகுதி இன்னொருவருக்கு வேண்டியிருந்த அன்று!

2024 ஆம் ஆண்டு முதல் தொழிற்கூட வாசலுக்கும் சோதனை வருகிறது. ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று அதற்குப் பெயர். வேலை நடக்கும் இடத்துக்கே கருவி வருவதால் அரைநாள் கூலி போகாது. குத்துவது ஒரு நொடி, எண் தெரிவது சில நொடி. அந்த எண் அவன் கையிலே ஒரு சீட்டாகத் தரப்படுகிறதா, அவனுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்திலே தரப்படுகிறதா, வேறு எவர் கண்ணிலும் படாமல் தரப்படுகிறதா என்பதை அந்தந்த ஊர்ச் சங்கத்துத் தோழர்கள் வாசலிலே நின்று பார்க்கலாம். பார்ப்பதற்கு எந்த ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை.